கேட்பவர் நிற்கும் இடம்: ‘ஆஸ்க்’ என்ற ஆங்கில வினைச்சொல்லும் அதன் சுற்றமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



ஆங்கில வினைச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் வழக்கையும் அதற்கு ஒத்த சொற்களையும் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்ட சொல் ‘ஆஸ்க்’. ஆங்கிலம் தொடங்கிய முதல் மாதத்திலேயே குழந்தைகள் கற்றுக்கொண்டுவிடும் சொல். ஆஸ்க் என்றால் கேள். அவ்வளவுதான் என்று தோன்றும்.

ஆனால் அந்த ஒரு சொல்லைச் சுற்றி ஒரு பெரிய சுற்றமே இருக்கிறது. கொஸ்டியன், என்கொயர், இன்டராகேட், ரிக்வெஸ்ட், டிமாண்ட், பெக், பிசீச், என்ட்ரீட், இம்ப்ளோர், ப்ளீட், பெட்டிஷன், ரிக்வயர், பிரே. எல்லாமே ஏதோ ஒரு வகையில் கேட்பதுதான். நம் அகராதிகள் இவற்றுக்கு நேரே கேள், வினவு, விசாரி, வேண்டு, கோரு, மன்றாடு, இறைஞ்சு என்று அடுக்குகின்றன. அந்த அடுக்கிலிருந்து எதை எப்போது எடுப்பது என்று மட்டும் சொல்வதில்லை. மாணவர் கைக்கு அகப்பட்டதை எடுக்கிறார். தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் ‘டிமாண்ட்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. அகராதியில் அதற்கும் ‘கேள்’ என்றுதானே போட்டிருக்கிறது, அவர் மேல் என்ன குற்றம்?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டுவது கேட்பவர் நிற்கும் இடம். அவர் மேலே நிற்கிறாரா, கீழே நிற்கிறாரா, எதிரே சமமாக நிற்கிறாரா? கேட்கப்படுபவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை உண்டா? இதை ஆங்கிலம் சொல்லின் வரலாற்றிலும் வைத்திருக்கிறது. அதைவிடத் தெளிவாகச் சொல்லின் இலக்கணத்திலும் வைத்திருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்து எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற் சொற்களாக வருகின்றன. ‘ஈ’ என்பது இழிந்தோன் சொல்வது, ‘தா’ ஒப்போன் சொல்வது, ‘கொடு’ உயர்ந்தோன் சொல்வது. ஒருவர் கேட்கும்போதே அவர் நிற்கும் படி தெரிந்துவிடுகிறது. அங்கே படி கேட்பவர் வாயிலேயே இருக்கிறது. ஆங்கிலத்திலோ, அவர் கேட்டதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போதுதான் படி வெளிப்படுகிறது. உதவி கேட்கும் ஆங்கிலேயர் ‘நான் ரிக்வெஸ்ட் செய்கிறேன்’ என்று பேச்சில் அதிகம் சொல்வதில்லை. ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’ என்று தொடங்குவார். அவர் ஆஸ்க் செய்தாரா, பெக் செய்தாரா, டிமாண்ட் செய்தாரா என்று முடிவுகட்டுபவர் அதைப் பிறகு சொல்பவர். ஆகவே இந்த வினைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு தீர்ப்பு.

1. ஒரு சொல், இரண்டு வேலை

வழி கேட்பதும் கேட்பதுதான். கடன் கேட்பதும் கேட்பதுதான். ஒன்றில் வேண்டுவது விடை. மற்றதில் வேண்டுவது பொருள் அல்லது செயல். தமிழில் ‘கேள்’ இரண்டையும் செய்கிறது, ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’ இரண்டையும் செய்கிறது. இந்த ஒற்றுமையால்தான் நமக்கு இச்சொல் எளிதாக இருக்கிறது. (தமிழ்க் ‘கேள்’ காதால் கேட்பதையும் சேர்த்துச் சுமக்கிறது. அது தனிக் கதை.)

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் விடை கேட்க ‘ஃப்ரிக்னன்’ என்று ஒரு சொல் இருந்தது. வேண்டிக் கேட்க ‘பிடன்’ என்று வேறொரு சொல் இருந்தது. ‘ஆஸ்கியன்’ அவற்றோடு கூட இருந்தது. ஜெர்மன் மொழி அந்தப் பழைய பிரிவை இன்றும் விடவில்லை: விடை வேண்டினால் ‘ஃப்ராகன்’, உதவி வேண்டினால் ‘பிட்டன்’. ஆங்கிலத்தில் ‘ஃப்ரிக்னன்’ வழக்கொழிந்தது. ‘பிடன்’ ஒலியில் தன்னை ஒத்த ‘பேயோதன்’ என்ற சொல்லோடு கலந்து ‘பிட்’ ஆனது. பேயோதன் என்பதற்கு முன்வந்து கொடுப்பது, அறிவிப்பது என்று பொருள். ஏலத்தில் விலை சொல்வதை ஆங்கிலத்தில் ‘பிட்’ என்பது அந்தக் கிளையிலிருந்து வந்தது. நாமும் ‘ஏலம் கேட்டார்’ என்றுதான் சொல்கிறோம். இரண்டு மொழிகளும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

‘பிடன்’ குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு: மணியைக் குறிக்கும் ‘பீட்’. அதன் பழைய பொருள் வேண்டுதல். வேண்டுதல்களை மணி உருட்டி எண்ணிய வழக்கத்தால் வேண்டுதலின் பெயர் மணிக்கு ஏறிவிட்டது.

இப்படி இரண்டு வேலையும் தன் தலையில் விழ, ‘ஆஸ்க்’ ஒரு பொதுச் சொல்லானது. பீட்டர் மார்க் ரோஜே 1852இல் தம் தெசாரஸை வெளியிட்டபோது சொற்களைக் கருத்துவாரியாக ஆயிரம் தலைப்புகளில் பிரித்தார். அதில் வினவுதல் அறிவைச் சார்ந்த பெரும்பிரிவில் இருக்கிறது. வேண்டுதல் விருப்பத்தையும் செயலையும் சார்ந்த வேறொரு பெரும்பிரிவில், நூற்றுக்கணக்கான தலைப்புகள் தள்ளி இருக்கிறது. இரண்டு இடத்திலும் கால் வைத்து நிற்பது ‘ஆஸ்க்’. அதன் வேறு உறவினர்களில் பெரும்பாலோருக்கு அது முடியாது. ‘இன்டராகேட்’ விடைக்கு மட்டும், ‘பெக்’ பொருளுக்கும் செயலுக்கும் மட்டும்.

2. மூன்று அடுக்குகளும் அவற்றின் போதாமையும்

ஆங்கிலத்தில் ஒத்த சொற்கள் ஏன் இத்தனை என்று கேட்டால் வகுப்பில் ஒரு விடை தயாராக இருக்கும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றார்கள். ஆண்டவர்கள் பிரெஞ்சு பேசினார்கள், உழுதவர்கள் ஆங்கிலம் பேசினார்கள், கற்றவர்கள் லத்தீனில் எழுதினார்கள். அதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குச் சொற்கள் கிடைத்தன. வீட்டுச் சொல் ஆஸ்க், பிரெஞ்சு வழி வந்தது கொஸ்டியன், லத்தீன் சொல் இன்டராகேட். முதலாவது எளியது, இரண்டாவது கொஞ்சம் விறைப்பானது, மூன்றாவது ஏட்டுச் சொல்.

இது உண்மை. நீதிமன்றத்தைப் பார்த்தால் இதன் வலிமை தெரியும். வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது. நீதிமன்றத்தில் கேட்பது தொடர்பான சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாகவும் லத்தீன் வழியாகவும் வந்தவையாக இருப்பதில் வியப்பில்லை. நம் நாட்டு வழக்குமன்றங்களிலும் மனுவின் கடைசியில் வேண்டிய பரிகாரத்தைச் சொல்லும் பகுதியை வழக்கறிஞர்கள் இன்றும் ‘பிரேயர்’ என்றே சொல்கிறார்கள்.

ஆனாலும் இந்த மூன்றடுக்கு விளக்கம் போதாது. ‘டிமாண்ட்’ என்ற சொல்லே அதற்குச் சாட்சி. பிரெஞ்சில் ‘தமாந்தே’ என்றால் வெறுமனே கேட்பது. மணி என்ன என்று கேட்பதற்கும் அதுதான். அதே சொல் ஆங்கிலத்துக்குள் வந்து நாளடைவில் அதட்டிக் கேட்பது, உரிமையோடு கேட்பது என்று இறுகிவிட்டது. ‘ரிக்வயர்’ கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் அதற்குக் கேட்பது என்றே பொருள்; இன்று அது கட்டாயம். இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை. ‘ரிக்வெஸ்ட்’ என்பதும் பிரெஞ்சு வழி வந்ததுதான், ஆனால் அது பணிவுப் பக்கம் ஒதுங்கியது. ஒரே அடுக்கில் வந்த சொற்கள் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. எந்த மொழியிலிருந்து வந்தது என்பது சொல்லின் பிறப்பைச் சொல்லும். பிழைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் இலக்கணத்துக்குத்தான் போக வேண்டும்.

3. யாரை, எதை

இன்றைய பேச்சில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இது. நம் வேற்றுமை இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

கேட்டல் என்ற செயலில் இரண்டு பேர், ஒரு பொருள். கேட்பவர், கேட்கப்படுபவர், கேட்கப்படும் பொருள். வினைக்கு முன்னால் நிற்கும் எழுவாய் கேட்பவர். வினைக்குப் பின்னால், இடையில் உருபு எதுவும் இல்லாமல், செயப்படுபொருளாக யார் உட்காருகிறார்கள்? ஆளா, பொருளா? ஒவ்வொரு வினையாக இதைச் சோதித்துப் பாருங்கள்.

‘டிமாண்ட்’ எடுத்துக்கொள்வோம். பணத்தை டிமாண்ட் செய்யலாம், மன்னிப்பை டிமாண்ட் செய்யலாம், இன்னது நடக்க வேண்டும் என்று டிமாண்ட் செய்யலாம். ஆளை டிமாண்ட் செய்து ஒரு வேலையைச் செய்யச் சொல்ல முடியாது. ‘ஹி டிமாண்டட் மீ டு கோ’ என்பது ஆங்கிலம் ஆகாது. ஆளைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால் ‘ஃப்ரம்’ போட்டுப் பின்னால் ஒட்ட வேண்டும். அதாவது இந்த வினையில் பொருளுக்கு நாற்காலி உண்டு, ஆளுக்கு இல்லை. உரிமையோடு கேட்பவருக்கு வேண்டியது பொருள். எதிரே இருப்பவரின் மனம் அவருக்குத் தேவையில்லை.

இப்போது பெக், பிசீச், என்ட்ரீட், இம்ப்ளோர் என்ற நான்கையும் பாருங்கள். நான்கும் ஆளை நேராகச் செயப்படுபொருளாக ஏற்கின்றன. ‘ஐ பெக் யூ’, ‘ஐ இம்ப்ளோர் யூ’. பொருளுக்குத்தான் இங்கே பெரும்பாலும் ‘ஃபார்’ வேண்டும், அல்லது செயலாக ‘டு’ போட்டுப் பின்னால் வர வேண்டும். கீழே நிற்பவருக்கு எதிரே நிற்கும் ஆள்தான் எல்லாம். அவர் மனம் இரங்கினால்தான் பொருள். ‘இம்ப்ளோர்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்தில் அழுகை இருக்கிறது. ‘பிசீச்’ என்பதற்குள் தேடுதலைக் குறிக்கும் ‘சீக்’ இருக்கிறது. கால்களைத் தேடிப் பற்றிக்கொள்வது போன்ற சொற்கள் இவை. அரசரை நோக்கி ‘பெட்டிஷன்’ செய்யும்போதும் ஆள்தான் செயப்படுபொருள். இந்தக் கூட்டத்தில் ‘ப்ளீட்’ மட்டும் விலகி நிற்கிறது. அதற்கு ஆளோடு ‘வித்’ வேண்டும். அது நீதிமன்றத்திலிருந்து வந்த சொல், வழக்கை எடுத்துரைப்பது அதன் முதல் வேலை.

இனி விடை கேட்கும் சொற்கள். ‘இன்டராகேட்’ ஆளை மட்டுமே எடுக்கும். கேள்வியை இன்டராகேட் செய்ய முடியாது. அங்கே தனித்தனிக் கேள்வி முக்கியமில்லை. ஆள் முழுவதுமாகக் கேட்பவர் கைக்குள் இருக்கிறார். ‘கொஸ்டியன்’ ஆளையும் எடுக்கும், ஒருவருடைய சொல்லையோ நோக்கத்தையோ எடுக்கும். இரண்டிலும் ஐயம் கலந்திருக்கிறது. நம் வழக்கில் ‘தட்டிக் கேட்டார்’, ‘கேள்விக்கு உட்படுத்தினார்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். ‘என்கொயர்’ இதற்கு நேர்மாறு. அது ஆளை நேராக ஏற்காது. யாரிடம் கேட்டோம் என்று சொல்ல ‘ஆஃப்’ வேண்டும், அதுவும் ஏட்டு நடையாகிவிடும். ரயில் நிலையத்து விசாரணைச் சாளரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்கு முக்கியமில்லை, வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ‘ஆஸ்க்’ பக்கம் திரும்பினால் அதன் சிறப்பு தெரியும். அது ஆளுக்கும் இடம் தருகிறது, பொருளுக்கும் இடம் தருகிறது, இரண்டையும் உருபில்லாமல் ஒன்றாகவே உட்கார வைக்கிறது. ‘ஆஸ்க் ஹிம் ஹிஸ் நேம்’, ‘ஆஸ்க் ஹெர் எ ஃபேவர்’. இந்தச் சுற்றத்தில் இப்படி இரட்டைச் செயப்படுபொருளை இயல்பாக ஏற்கும் வினை வேறு இல்லை. கேட்கப்படுபவரும் மறையவில்லை, கேட்கும் பொருளும் மறையவில்லை. ஒத்தவர்கள் பேசிக்கொள்ளும் சொல் இது. தொல்காப்பியர் கணக்கில் இதுதான் ‘தா’.

ஆணையிடும் ‘ஆர்டர்’, ‘கமாண்ட்’ போன்றவையும் ஆளை எடுக்கின்றனவே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அங்கே ஆள் வருவது வேலையைச் செய்து முடிப்பவராக. மறுப்புக்கே இடமில்லாத இடத்தில் கேட்டல் என்ற செயலும் இல்லை. அது வேறு குடும்பம்.

நம் மாணவர்கள் செய்யும் ஒரு தவறை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘ஐ ஆஸ்க்ட் டு ஹிம்’ என்று எழுதுகிறார்கள். ‘அவனிடம் கேட்டேன்’ என்பதில் உள்ள ‘இடம்’ அப்படியே ‘டு’ ஆகிவிடுகிறது. ‘டு’ போடாதே என்று நூறு முறை சொல்லித் திருத்துவதைவிட, தமிழிலேயே இருக்கும் இன்னொரு வழக்கைக் காட்டலாம். ‘என்னைக் கேட்டால் அது சரியில்லை என்பேன்’, ‘அவனைக் கேள்’, ‘என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தாய்?’ என்றெல்லாம் நாம் இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறோம். ஆங்கில ‘ஆஸ்க்’ இந்த ‘ஐ’ உருபோடு சேர்ந்தது என்று ஒரு முறை சொன்னால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ வேண்டாம், பெயராக வரும்போது வேண்டும் என்பதையும் கையோடு சொல்லிவிடலாம். ‘வேர் இஸ் ஹி’ என்ற நேர்க்கேள்வி ‘ஆஸ்க்’ வினைக்குப் பின்னால் போனால் ‘வேர் ஹி இஸ்’ என்று திரும்பிக்கொள்ளும் என்பது அடுத்த பாடம்.

4. கேட்டதே குற்றமான இடம்

‘ஆஸ்க்’ சமமானவர்களின் சொல் என்றேன். அதற்கு ஆங்கில இலக்கியத்தில் எல்லாரும் அறிந்த ஒரு காட்சி சான்று. சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக எழுதிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில், ஏழை விடுதிச் சிறுவர்கள் பசி தாளாமல் சீட்டுப் போட்டு ஆலிவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்கிறான். அவன் வாயில் வருவது ‘வான்ட்’ என்ற சொல், ‘ப்ளீஸ்’ என்ற பணிவோடு. செய்தி நிர்வாகக் குழுவிடம் போகும்போது அதைக் கொண்டுபோகும் அதிகாரி பயன்படுத்தும் வினை ‘ஆஸ்க்’. குழுவினர் அதிர்ந்துபோகிறார்கள். அவன் தூக்கில்தான் தொங்குவான் என்கிறார் அவர்களில் ஒருவர்.

அந்த அதிகாரி, சிறுவன் ‘பெக்’ செய்தான் என்று சொல்லியிருந்தால் அதில் செய்தியே இல்லை. ஏழை கையேந்துவது அந்த விடுதியின் ஒழுங்குக்கு உட்பட்டது. ‘ஆஸ்க்’ என்பதற்குள் இருப்பதோ வேறு: எதிரே இருப்பவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம். அனாதைச் சிறுவன் ஒருவன் அந்தப் படியில் ஏறி நின்றான் என்பதுதான் அவர்கள் கண்ட குற்றம். வயிற்றுக்குக் கேட்ட பிள்ளையை இப்படி நடத்திய ஓர் அமைப்பை, டிக்கன்ஸ் இந்த ஒரு வினைச்சொல்லில் நிறுத்திக் காட்டிவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

நாட்டின் வரலாற்றிலும் இந்தப் படிகளில் மக்கள் ஏறுவதைப் பார்க்கலாம். 1628இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் முதலாம் சார்லஸ் மன்னரிடம் உரிமை மனு ஒன்றை வைத்தது. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் வரி கூடாது, காரணம் காட்டாமல் சிறை கூடாது, வீடுகளில் படைவீரர்களைத் திணிக்கக் கூடாது என்பவை அதன் சாரம். உள்ளடக்கம் உரிமை, வினை ‘பிரே’, அதுவும் தாழ்மையோடு. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, ஒரு மன்னர் தலையிழந்தார், இன்னொரு மன்னர் நாட்டை விட்டு ஓடினார். 1689இல் வந்த உரிமைச் சட்டத்தில் அதே நாடாளுமன்றம் தன் உரிமைகளைப் பட்டியலிட்டுவிட்டு முடிக்கும்போது பயன்படுத்திய வினைகள் கிளெய்ம், டிமாண்ட், இன்சிஸ்ட். அறுபத்தொரு ஆண்டுகளில் கேட்ட பொருள் பெரிதாக மாறவில்லை. கேட்டவர்கள் நின்ற இடம் மாறிவிட்டது.

இந்தப் ‘பிரே’ நம் சென்னைக்கும் வந்தது. 1852இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் முயற்சியால் சென்னை நேட்டிவ் அசோசியேஷன் தொடங்கப்பட்டு, கம்பெனி ஆட்சியின் குறைகளைச் சொல்லி லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்வதும் அந்தக் குறைகளில் ஒன்று. நாடாளுமன்றத்துக்கு எழுதும் மனு ‘தாழ்மையான மனு’ என்று தொடங்கி, மனுதாரர்கள் என்றென்றும் பிரார்த்திப்பார்கள் என்று முடிவது அன்றைய மரபு. அந்தப் பணிவான வடிவத்துக்குள் வைக்கப்பட்ட செய்தி கடுமையானது. சித்திரவதையை விசாரிக்க ஆணையம் அமைக்கப்பட்டது. 1855இல் வந்த அதன் அறிக்கை வசூலில் சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. வினை எவ்வளவு தாழ்ந்து நின்றாலும், கேட்டதன் கனம் குறையவில்லை. அந்த மனுக்களை எழுதியவர்களை வெறும் கெஞ்சல்காரர்கள் என்று பிற்காலத்தவர் சிலர் ஒதுக்கியது நியாயமன்று. கைக்குக் கிடைத்த ஒரே வினையைக் கொண்டு அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்கள்.

5. புதைந்த கேள்விகள்

சுருக்கமாக ஒன்று சொல்லிப் போகிறேன். லத்தீனில் கேட்பதற்கு இருந்த சொற்கள் ஆங்கிலத்தில் எதிர்பாராத இடங்களில் புதைந்திருக்கின்றன. நிலையற்ற வேலையை ‘ப்ரிகேரியஸ்’ என்கிறார்கள். வேண்டிப் பெற்றது என்பது அதன் வேர்ப்பொருள். ரோமானியச் சட்டத்தில் ஒருவர் மனம் வைத்துக் கொடுத்த நிலத்தை அவர் நினைத்தபோது திரும்பப் பெறலாம். அப்படிப்பட்ட அனுபோகத்துக்கு ‘ப்ரிகேரியம்’ என்று பெயர். இன்றைய ஒப்பந்தத் தொழிலாளர் நிலையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. மன்னரின் தனியுரிமையைக் குறிக்கும் ‘ப்ரிராகடிவ்’ என்பதும் கேட்பதிலிருந்தே வந்தது. ரோமானிய மக்கள் மன்றத்தில் சீட்டு விழுந்து, முதலில் கருத்துக் கேட்கப்பட்ட பிரிவின் பெயர் அது. ஒன்று கேட்டுப் பெற்றவரின் நிலை, மற்றது முதலில் கேட்கப்பட்டவரின் நிலை. கேட்டல் என்ற ஒரே செயலின் இரண்டு முனைகளும் இப்படி இரண்டு சொற்களாகத் தங்கியிருக்கின்றன.

6. ‘ஆக்ஸ்’ என்போர்

அமெரிக்கக் கறுப்பின மக்களிலும் கரீபியத் தீவினரிலும் பலர் ‘ஆஸ்க்’ என்பதை ‘ஆக்ஸ்’ என்று சொல்வார்கள். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு, அதை வைத்தே ஒருவருடைய கல்வியை எடைபோடுபவர்களும் உண்டு. பழைய ஆங்கிலத்திலேயே இரண்டு வடிவமும் இருந்தன. பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கவிஞர் சாசர் ‘ஆக்ஸ்’ வடிவத்தில் எழுதியிருக்கிறார். 1535இல் கவர்டேல் வெளியிட்ட முழு ஆங்கில விவிலியத்திலும் அந்த வடிவம் இருக்கிறது. தசை சதையானதும் சிவிறி விசிறியானதும் நமக்குத் தெரியும். அதை இலக்கணப்போலி என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. நாளை வெளிநாட்டில் ஒருவர் ‘ஆக்ஸ்’ என்று சொல்லக் கேட்டால், தமிழ் மாணவர்கள் அதைப் பிழை என்று எண்ணிவிட வேண்டாம். சாசரின் வழக்கு அவர் வாயில் உயிரோடு இருக்கிறது.

7. செய்தி மேசையும் அகராதியும்

இனி நம் வேலைக்கு வருகிறேன். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் நண்பர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரு தொழிற்சங்கம் ஊதிய உயர்வை டிமாண்ட் செய்தது என்று ஆங்கிலத்தில் வருகிறது. தமிழில் ‘கோரிக்கை விடுத்தது’ என்று போடுகிறோம். ஓர் ஊர் மக்கள் குடிநீர்க் குழாய் வேண்டி ரிக்வெஸ்ட் செய்தார்கள் என்றாலும் ‘கோரிக்கை விடுத்தனர்’ என்றே போடுகிறோம். இரண்டு வெவ்வேறு படிகள் ஒரே படியாகச் சமமாகிவிட்டன. உரிமையோடு கேட்டவர் தயவுக்குக் காத்திருப்பவர் போலத் தமிழ் வாசகருக்குத் தெரிகிறார். முதலாவதற்கு ‘ஊதியத்தை உயர்த்தியே தீர வேண்டும் என்றது’ என்றோ ‘உயர்த்தும்படி வலியுறுத்தியது’ என்றோ எழுதலாம். இரண்டாவதற்குக் ‘கேட்டுக்கொண்டனர்’ என்ற அருமையான வழக்கு இருக்கிறது. ‘கொள்’ என்ற துணைவினை அந்தப் பணிவை அழகாகத் தாங்குகிறது. ‘விசாரி’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நலம் விசாரிப்பதும் அதுதான், காவல் நிலையத்தில் விசாரிப்பதும் அதுதான். ‘இன்டராகேட்’ வந்தால் ‘துருவித் துருவி விசாரித்தனர்’ என்று எழுதாவிட்டால் ஆளின் நிலை வாசகருக்குப் புரியாது.

வினையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, குடிமக்கள் தகவல் கேட்பதை ‘ரிக்வெஸ்ட்’ என்றே சொல்கிறது. ஆனால் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி 30 நாளுக்குள் விடை தர வேண்டும். ஒருவருடைய உயிர் அல்லது விடுதலை தொடர்பானது என்றால் 48 மணி நேரத்துக்குள். தகுந்த காரணமின்றித் தவறினால் நாள் ஒன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அவருக்குத் தண்டம். மறுக்கும் உரிமையைச் சட்டமே இப்படிக் கட்டுப்படுத்திவிட்டபோது, ‘ரிக்வெஸ்ட்’ என்ற பணிவான சட்டைக்குள் ‘டிமாண்ட்’டின் உடல் இருக்கிறது. இதைத் தமிழில் ‘பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ‘கீழ்க்காணும் தகவல்களை வழங்க வேண்டும்’ என்று எழுதினால் போதும். மரியாதைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அகராதி செய்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆங்கில வினைக்கு நேரே ஐந்தாறு தமிழ்ச் சொற்களை அடுக்குவதற்கு முன்னால் மூன்று குறிப்புகள் போடுங்கள். வேண்டுவது விடையா, பொருளா, செயலா? செயப்படுபொருளாக வருவது ஆளா, பொருளா, இரண்டுமா? கேட்கப்படுபவர் மறுக்க முடியுமா? ‘டிமாண்ட்’ என்ற பதிவு இப்படி இருக்கும்: வேண்டுவது பொருள், செயல், சில வேளை விடை, செயப்படுபொருள் பொருள் மட்டும், ஆளுக்கு ‘ஃப்ரம்’ அல்லது ‘ஆஃப்’, மறுப்பைக் கேட்பவர் ஏற்க மாட்டார், தமிழில் ‘வலியுறுத்திக் கேள்’, ‘வேண்டும் என்று நின்று கேள்’. ‘பிசீச்’ பதிவில் ஆள் செயப்படுபொருள், மறுப்பு முற்றிலும் எதிரே இருப்பவர் கையில், தமிழில் ‘மன்றாடு’, ‘காலைப் பிடித்துக் கேள்’.

நான் தொடக்கத்தில் சொன்ன சுற்றத்தில் ‘ஆஸ்க்’ உள்பட 14 வினைகள் இருக்கின்றன. இந்த 14 பதிவுகளையும் ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து இந்தக் கல்வியாண்டிலேயே எழுதி முடிக்கலாம். ஆங்கில மாணவர்கள் வேற்றுமை பார்க்கட்டும். தமிழ் மாணவர்கள் நம் பேச்சிலிருந்தும் நாளேட்டிலிருந்தும் சரியான வழக்கைத் தேடிக் கொண்டுவரட்டும். முதல் நான்கு பதிவுகளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், துறைத் தலைவர்களிடம் தந்துவிட்டுப் போகிறேன். மீதிப் பத்தும் உங்களுடையவை.